வண்டியும் செல்போனும்: சட்டம் சொல்வதும் நாம் செய்வதும்

முன்னுரை

விஞ்ஞானம் நமக்குத் தந்த கருவிகளுள் செல்போனைப் போல விரைவாக வீடுதோறும் வந்து சேர்ந்தது வேறொன்று இல்லை எனலாம். மாவு மில்லிலும், வயல் வரப்பிலும், ஆலய முற்றத்திலும் அதன் மணி ஒலிக்கிறது. தூரத்தில் இருப்பவரை அது அருகில் கொண்டுவருகிறது. ஆபத்து வேளையில் 108 ஆம்புலன்சை வரவழைத்து உயிரைக் காக்கிறது. ஆயினும் அதே கருவி, வண்டி ஓட்டுபவரின் கைக்குப் போகும்போது உயிரை வாங்கும் பொருளாகவும் மாறிவிடுகிறது. ஆகவேதான் அதற்கென ஒரு சட்டம் தேவைப்பட்டது. அச்சட்டம் எப்படி வந்தது, எதைத் தடுக்கிறது, எந்த இடத்தில் அதன் கை எட்டாமல் நின்றுவிடுகிறது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

காக்களூர்வாசிகளான நமக்கு இது வெறும் ஏட்டுப் படிப்பு அன்று. நம் ஊரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. ஷிப்டு மாறும் நேரத்தில் சாலையைப் பார்த்தால் போதும். கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, சரக்கு ஏற்றிய லாரி, இருவரும் மூவருமாகப் போகும் பைக்குகள், சைக்கிளில் செல்லும் தொழிலாளர்கள், புட்லூர் ரயில் நிலையத்தை நோக்கி வேகமாக நடப்பவர்கள், இவர்களோடு பள்ளிக்குச் செல்லும் நாம் என அனைவரும் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்கிறோம். மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவும் பகலும் கனரக வண்டிகள் ஓடுகின்றன. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குக் கன்டெய்னர்கள் போய்வருவதும் நம் மாவட்டத்துச் சாலைகளில்தான். இவ்வண்டிகளை ஓட்டுகிறவர்களுள் நம் தந்தையரும் அண்ணன்மாரும் சித்தப்பா, மாமாக்களும் உண்டு. ஆதலால் சாலையைப் பற்றிய சட்டம் என்பது நம் வீட்டைப் பற்றிய சட்டமே ஆகும்.

ஐந்து விநாடியில் எவ்வளவு தூரம்?

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு மணி நேரத்தில், அதாவது 3,600 விநாடிகளில், 60,000 மீட்டர் கடக்கிறது. ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஆகிறது. செல்போன் ஒலிக்கிறது, யார் கூப்பிடுகிறார் என்று ஓட்டுபவர் குனிந்து பார்க்கிறார், ஐந்தே விநாடிதான். அதற்குள் வண்டி சுமார் 83 மீட்டர் ஓடிவிடும். நம் புறநகர் மின்சார ரயிலின் நான்கு பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்! அத்தனை தூரத்தையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்கு ஒப்பாகிறது அது.

ஊருக்குள் மெதுவாகத்தானே போகிறோம் என்று சிலர் கூறலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஐந்து விநாடிக்கு 55 மீட்டருக்குமேல் வண்டி ஓடுகிறது. ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்கு வர அதில் பத்தில் ஒரு பங்கு தூரம் போதாதா?

கண் சாலைக்குத் திரும்பியவுடன் வண்டி நின்றுவிடுவதும் இல்லை. கண்டதை மூளை உணர வேண்டும். உணர்ந்தபின் கால் பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்த பின்னும் வண்டி சிறிது தூரம் ஓடித்தான் நிற்கும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பதைப் பௌதிகப் பாடத்தில் படிக்கிறோம். சுமை ஏற்றிய லாரிக்கு இன்னும் அதிக தூரம் வேண்டும்.

கையா, காதா, கருத்தா?

செல்போனைக் கையில் பிடிப்பதால்தான் ஆபத்து என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆகையால் சிலர் அதனை ஹெல்மெட்டுக்குள் கன்னத்தோடு செருகிக்கொள்கிறார்கள். சிலர் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்தபடியே பைக் ஓட்டுகிறார்கள். இரண்டு கையும் ஹாண்டில்பாரில்தான் இருக்கிறது, பிறகென்ன என்பது அவர்கள் வாதம். உண்மை அவ்வாறில்லை.

1997-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரன்டோ நகரில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். பேசிக்கொண்டே ஓட்டும்போது விபத்து நேரும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு மிகுகிறது என்று கண்டார்கள். கையில் பிடிக்காமல் பேசும் கருவிகளைப் பயன்படுத்தியவர்களுக்கும் அதனால் தனிப்பட்ட பாதுகாப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் இந்த நான்கு மடங்கு என்ற எச்சரிக்கையையே விடுத்து வருகிறது.

இதற்குக் காரணம் என்ன? கை சும்மா இருந்தாலும் கருத்து வேறிடத்தில் இருப்பதே காரணம். வண்டியில் பக்கத்தில் அமர்ந்து பேசுபவர் சாலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே லாரி வந்தால் அவர் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார். "பார்த்துப் போங்க" என்றும் சொல்வார். ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு லாரியும் தெரியாது, பள்ளமும் தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார்; பதிலையும் எதிர்பார்ப்பார். ஓட்டுபவரின் கண் சாலையைப் பார்க்கும். ஆனால் பார்த்தது மனத்தில் பதியாது.

கிறிஸ்தவ உலகை உலுக்கிய விபத்து ஒன்றை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். ஸ்பெயின் நாட்டில் புனித சந்தியாகப்பரின் கல்லறை இருப்பதாகப் போற்றப்படும் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரம் புகழ்பெற்ற திருத்தலம். 2013-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள், புனிதரின் திருநாளுக்கு முந்திய மாலை, அந்நகரை நெருங்கிய விரைவு ரயில் ஒன்று வளைவில் தடம் புரண்டது. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவில் ரயில் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்திருந்தது. அதற்குச் சற்று முன்புவரை ஓட்டுநர், அதே ரயிலில் இருந்த பயணச்சீட்டுப் பரிசோதகரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அது வீண் பேச்சன்று. அலுவல் பற்றிய பேச்சுதான். வேகத்தைத் தானாகவே குறைக்கும் கருவி அவ்விடத்தில் இல்லாததும் விபத்துக்குக் காரணமாயிற்று. ஆயினும், தேவையான பேச்சாக இருந்தாலும் தகாத நேரத்தில் வந்தால் அது கேடு செய்யும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாக நிற்கிறது.

சட்டம் வந்த கதை

நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1989-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு நடைபெற்றதோ 1995-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்றுதான். ஆகவே அன்றைய சட்டத்தில் செல்போன் என்ற சொல் இடம்பெறாததில் வியப்பில்லை. ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் 184-ஆம் பிரிவு மட்டும் இருந்தது. முதல் முறை குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்று அது கூறியது. செல்போனில் பேசியபடி ஓட்டியவரை இப்பிரிவில் கொண்டுவரவேண்டுமானால், அவர் ஓட்டியது ஆபத்தான முறைதான் என்று தனியே நிலைநாட்ட வேண்டியிருந்தது.

இந்நிலையில் நம் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு குரல் எழுந்தது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளில் மக்கள் மடிவதைத் தடுக்க அரசுகள் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். முறிந்த எலும்பை ஒட்டவைப்பது மருத்துவரின் வேலை. எலும்பு முறியாமலே காக்க முடியாதா என்று கேட்பது சமுதாயத்தின் மீது கொண்ட அன்பின் வேலை அன்றோ? அவ்வழக்கில் 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக்கென மூவர் குழு ஒன்றை அமைத்தது. முன்னாள் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் அதன் தலைவரானார்.

அக்குழு 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டில் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது. அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், அதிகச் சுமை ஏற்றுதல், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுதல் ஆகிய ஆறு குற்றங்களுக்கும் ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் முடக்கிவைக்க வேண்டும் என்பதே அது. செல்போன் பேசுவதும் குடித்துவிட்டு ஓட்டுவதும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டதை நாம் கவனிக்க வேண்டும். ஒன்றில் மது மயக்குகிறது. மற்றொன்றில் பேச்சு மயக்குகிறது.

எனினும் சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்க வேண்டியதன் அவசியத்தை 2018-ஆம் ஆண்டு கேரளத்தில் நடந்த ஒரு வழக்கு காட்டியது. வண்டி ஓட்டும்போது செல்போனில் பேசியவர்மீது அம்மாநிலக் காவல் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்தாலொழிய, பேசியது மட்டுமே அச்சட்டப்படி குற்றமாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தவறென்று எல்லோரும் ஒப்புக்கொண்டாலும், சட்டத்தில் எழுதப்படாத ஒன்றுக்கு நீதிமன்றம் தண்டனை விதிக்க இயலாது அல்லவா?

இக்குறை 2019-ஆம் ஆண்டில் நீங்கியது. பாராளுமன்றம் நிறைவேற்றிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 184-ஆம் பிரிவிலேயே ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. சிவப்பு விளக்கைத் தாண்டுதல், எதிர்த்திசையில் ஓட்டுதல் போன்றவற்றோடு, கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொலைத்தொடர்புக் கருவியை ஓட்டும்போது உபயோகிப்பதும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது. அத்திருத்தத்தின் தண்டனைப் பிரிவுகள் 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

அதன்படி, முதல் முறை குற்றம் செய்பவருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் அதே குற்றம் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நீதிமன்றம் போகாமல் அபராதம் கட்டி முடித்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. அத்தொகையைத் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் உயர்த்தியது. செல்போன் குற்றத்திற்கு முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 10,000 ரூபாய் என அது அமைந்தது.

அபராதத்தோடு போவதில்லை. ஓட்டுநர் உரிமத்தைக் காவல் அதிகாரி வாங்கி, அதனை முடக்கும் நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பலாம். வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு மூன்று மாதம் உரிமம் இல்லாமற்போனால் அந்தக் குடும்பத்தின் அடுப்பு எப்படி எரியும் என்று எண்ணிப் பாருங்கள். அபராதத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். இழந்த மூன்று மாத வேலையை எங்கே கடன் வாங்குவது?

வழி தெரிந்துகொள்ளச் செல்போனைப் பார்ப்பதும் குற்றமா என்று கேட்கலாம். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, வழிகாட்டும் வரைபடத்திற்காக மட்டும், அதுவும் ஓட்டுபவரின் கவனம் கலையாதவாறு, அக்கருவியைப் பயன்படுத்தலாம். புறப்படுமுன் ஊரைக் குறித்து, தாங்கியில் பொருத்திவிட்டுக் குரலைக் கேட்டுக்கொண்டு செல்வது இதற்குப் பொருந்தும். ஓடும் வண்டியில் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருப்பது பொருந்தாது.

அயல்நாடுகளிலும் இத்தகைய சட்டங்கள் உண்டு. பிரிட்டனில் 2003-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளிலிருந்து, செல்போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது தனிக் குற்றமாகியது. பேசுவதும் செய்தி அனுப்புவதும் மட்டுமே குற்றம், படம் எடுப்பது குற்றமன்று என்று சிலர் வாதாட இடமிருந்ததால், 2022-ஆம் ஆண்டு மார்ச்சில் அச்சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். மனிதன் ஒரு சந்தைக் கண்டுபிடிப்பதும், சட்டம் அதை அடைக்க ஓடுவதும் எல்லா நாட்டிலும் நடப்பதே போலும்!

எண்கள் காட்டும் துயரம்

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாடெங்கும் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன; 1,68,491 பேர் மாண்டனர். அவ்வாண்டில் எண்ணிக்கையில் மிக அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடுதான். இங்கு 64,105 விபத்துகளில் 17,884 பேர் உயிரிழந்தனர். செல்போன் பயன்பாடு காரணமென்று பதிவானவை நாடு முழுவதும் 7,558 விபத்துகள். அவற்றில் இறந்தவர்கள் 3,395 பேர்.

மொத்தத்தில் இது நூற்றுக்கு இரண்டு பங்குதானே என்று தோன்றலாம். ஆனால் மோதிய பின் "நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன்" என்று எத்தனை பேர் தாமே முன்வந்து சொல்வார்கள்? அவரே இறந்துபோனால் சொல்வது யார்? ஆதலால் பதிவான எண்ணைவிட உண்மை பெரிதாகவே இருக்கும் என்று கருத இடமுண்டு. மேலும் அவ்வாண்டு சாலையில் மாண்டவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் நடந்து சென்றவர். அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

சட்டம் எட்டாத இடம்

இதுவரை ஓட்டுபவரைப் பற்றியே பேசினோம். ஆனால் ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் இருப்பவரைச் சட்டம் பிடிக்கிறது. மறுமுனையில் கூப்பிட்டவர் யார்? "எங்கே வந்துகொண்டிருக்கிறாய்? சரக்கு எப்போது வரும்?" என்று பத்து நிமிடத்திற்கு ஒரு முறை கேட்கும் மேற்பார்வையாளராக இருக்கலாம். "வரும்போது அரைக் கிலோ தக்காளி வாங்கி வாங்க" என்னும் அம்மாவாக இருக்கலாம். "அப்பா, எனக்கு கிராஃப் நோட்டு வேணும்" என்னும் மகளாகவும் இருக்கலாம். அன்பினால்தான் கூப்பிடுகிறோம், ஆனால் அந்த அன்பான குரல்தான் அவர் கவனத்தைச் சாலையிலிருந்து இழுக்கிறது. மேலாளர் கூப்பிட்டு எடுக்காவிட்டால் வேலைக்கு ஆபத்து. வீட்டிலிருந்து வந்த அழைப்பை எடுக்காவிட்டால் மனம் கேட்காது. இவ்விரண்டுக்கும் நடுவே ஓட்டுநர் என்ன செய்வார், பாவம்!

அழைத்தவருக்கு எந்தப் பிரிவிலும் அபராதம் இல்லை. ஆகவே இவ்விடத்தில் சட்டத்தின் வேலையை நம் மனச்சாட்சிதான் செய்ய வேண்டும். இன்னும் உரிமம் வாங்கும் வயதுகூட ஆகாத மாணவிகளாகிய நாம் செய்யக்கூடியதும் இதுவே. சில எளிய வழிகளைக் கூறுவோம்.

ஒன்று: அப்பாவோ அண்ணனோ வண்டி எடுக்குமுன்பே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம், எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வார்கள் என்றும் கேட்டுக்கொள்வோம். அந்நேரம்வரை கூப்பிடாமல் இருப்போம்.

இரண்டு: கூப்பிட்டபின் ஹாரன் சத்தமோ எஞ்சின் சத்தமோ கேட்டால், "வண்டி ஓட்டுறீங்களா? போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுங்க" என்று நாமே வைத்துவிடுவோம். மிக அவசரமானால், ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசச் சொல்வோம். நெடுஞ்சாலையில் வண்டிகள் ஓடும் பாதையிலேயே நிறுத்துவது இன்னொரு விபத்துக்கு வழி. சாலையை விட்டு இறங்கி நிறுத்துவதே முறை.

மூன்று: ஓட்டுபவர் எடுக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்ள மாட்டோம். அவர் எடுக்காதது நம்மை மறந்ததால் அல்ல. பத்திரமாக நம்மிடம் வந்து சேர விரும்புவதால் என்று எண்ணி மகிழ்வோம்.

நான்கு: அவரோடு நாம் பயணம் செய்தால் செல்போன் நம் பையில் இருக்கட்டும். மணி ஒலித்தால் நாமே எடுத்து, "ஓட்டிக்கொண்டிருக்கிறார்" என்று பதில் சொல்வோம். ஷேர் ஆட்டோ ஓட்டுநர் பேசிக்கொண்டே ஓட்டினால், "அண்ணா, நிறுத்திட்டுப் பேசுங்க" என்று பணிவாகவும் தைரியமாகவும் சொல்வோம்.

ஐந்து: நாளை நாமும் பதினெட்டு வயது நிரம்பி உரிமம் பெற்று, ஸ்கூட்டரில் வேலைக்குச் செல்லும் நாள் வரும். அன்று இப்பழக்கத்தைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லாதபடி இன்றே கற்றுக்கொள்வோம்.

முடிவுரை

2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வத்திக்கான், சாலையில் செல்வோருக்கான மேய்ப்புப்பணி பற்றி ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. வண்டி ஓட்டுபவர்களுக்கென்றே பத்துக் கட்டளைகள் அதில் தரப்பட்டுள்ளன. மறைக்கல்வியில் நாம் ஐந்தாவதாகப் படிக்கும் கட்டளை, கொலையைத் தடுக்கும் கட்டளை, அங்கே முதலாவதாக நிற்கிறது. வண்டியின் சாவியைக் கையில் எடுப்பவர் பிறர் உயிரையும் கையில் எடுக்கிறார் என்பதனாலன்றோ அதற்கு முதலிடம் தந்தார்கள்! வள்ளுவரும் கவனக்குறைவினால் வரும் கேட்டைச் சொல்வதற்கென்றே பொச்சாவாமை என ஓர் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார்.

ஊருக்குப் போகும்போது வண்டியில் புனித கிறிஸ்தோபரின் படத்தை ஒட்டிவைத்து, ஜெபம் சொல்லிப் புறப்படும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நல்ல வழக்கம்; தொடர்ந்து செய்வோம். வண்டி நகருமுன் சிலுவை அடையாளம் வரையும் அந்தக் கையாலேயே செல்போனின் மணியையும் அடக்கிவைத்தால் அந்த ஜெபம் முழுமை பெறும். வீட்டில் காத்திருக்கும் நாமோ, நம் குரல் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் நம் தந்தையர் நேரத்தோடு வீடு வந்து சேரட்டும் என்று பொறுத்திருப்போம். அரை மணி நேரப் பொறுமை பெரிய தியாகம் அன்று. அதனால் ஓர் உயிர் காக்கப்படுமானால் அதைவிடச் சிறந்த அன்புப்பணியும் வேறில்லை.